வாக்கிங் முடிஞ்சதும் பாதத்தைத் தூக்கிப் பாருங்க: வாசகர் கேள்வி, கால்நடை டாக்டர் பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல "நாய்க்கும் குளிர்காலம் உண்டு, காலைக் கவனிங்க"ன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு விட்டுட்டேன். அதுக்கு வந்த கடிதங்களைப் பாத்தா பாதிக்கு மேல நாயோட பாதத்தைப் பத்திதான், அதனால இந்த மாசம் வேற எதையும் எடுத்துக்கல. ரெண்டு பேர், "டாக்டர், வேலூர்ல ஏது குளிரு, நம்ம ஊருக்கு வெயில் ஒண்டிதானே தெரியும்"னு கேட்டிருந்தீங்க. பகலுக்கு அது சரி. மார்கழில விடிகாலை அஞ்சரை மணிக்கு கோட்டைப் பக்கம் அகழி ஓரமா ஒரு சுத்து நடந்து பாருங்க, 18, 19 டிகிரிலதான் இருக்கும், புல்லைத் தொட்டா கை நனையும், சில நாள் பனில எதிர்ல வர்ற ஆள் முகமே தெரியாது. நாம ஸ்வெட்டர் மாட்டி, காதுக்கு மப்ளர் சுத்தி, ஷூ போட்டுட்டுதான் கிளம்பறோம். கூட வர்றது வெறுங்கால்ல வருது.

காட்பாடி காந்திநகர் வாசகி கேட்டது: எங்க லேப்ரடார் புருனோவுக்கு அஞ்சு வயசு. கார்த்திகைல இருந்து ராத்திரி பூரா முன்னங்காலை நக்கிகிட்டே இருக்கான், சளக் சளக்னு அந்தச் சத்தத்துலயே எனக்குத் தூக்கம் போயிடுது. விரல் நடுவுல முடியெல்லாம் செம்பட்டையா ஆயிடுச்சு, கிட்ட போனா ஒரு புளிச்ச வாடை. குளிருக்கு வெடிச்சிருக்கும்னு நினைச்சு தினம் ராத்திரி தேங்கா எண்ணெய் தடவறேன், இன்னும் அதிகமாதான் ஆகுது.

எண்ணெயை இன்னிக்கே நிறுத்திடுங்கம்மா. இது வெடிப்பு இல்ல, ஈரம். நக்கறது, செம்பட்டை, புளிச்ச வாடை, இந்த மூணும் சேந்து வந்தா பெரும்பாலும் விரல் சந்துல ஈஸ்ட்னு சொல்ற பூஞ்சை கிளம்பியிருக்கும். செம்பட்டையைப் பாத்து ரத்தம்னு பயப்படாதீங்க, நாயோட எச்சில்ல ஒரு நிறப்பொருள் இருக்கு, நக்கி நக்கி காய்ஞ்சா முடில கறையா ஏறிடும், வெளிர் நிற நாய்ல நல்லாத் தெரியும்.

எப்படி வருதுன்னு சொல்றேன். ஐப்பசி கார்த்திகைல வடகிழக்கு பருவமழை, தெருவெல்லாம் சேறு, அது முடியறதுக்குள்ள மார்கழிப் பனி. புருனோ மாதிரி லேப்ரடாருக்கு விரல் நடுவுல முடி நெருக்கமா இருக்கும், அதுல புல்லோட பனித்தண்ணி ஏறிக்கும், வீட்டுக்கு வந்ததும் டைல்ஸ் தரைல படுத்துக்குவான், வெயில் வர எட்டு மணி ஆயிடும், அதுவரைக்கும் அந்தச் சந்து நனைஞ்சபடியேதான் இருக்கும். போதாததுக்கு நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, வேர்வைச் சுரப்பி முக்கியமா இருக்கறதே பாதத்துலதான், ஆக உள்ளேருந்தும் ஈரம் வெளியேருந்தும் ஈரம். அது மேல நீங்க எண்ணெய் தடவினீங்கன்னா அந்த ஈரம் வெளிய போக வழியில்லாம அடைஞ்சுக்குது.

நாளைல இருந்து வாக்கிங் முடிஞ்சு வந்ததும் வாசப்படில உக்காருங்க, பழைய காட்டன் வேட்டித் துணி ஒண்ணு கையில வச்சுக்குங்க. பாதத்தை அடில இருந்து கைல தாங்கி, கட்டைவிரலால நடுவுல இருக்கற பெரிய பேடை, அதாவது பாதத்தோட அடி மெத்தையை, லேசா மேல அழுத்துங்க, விரல் நாலும் மொக்கு விரியற மாதிரி தானா பிரியும். மேல்பக்கம் சந்தை எல்லாரும் பாத்துடுவாங்க. கீழ்ப்பக்கம், பெரிய பேடுக்கும் விரல் பேடுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, அதை யாரும் பாக்கறதில்ல, வியாதி ஆரம்பிக்கறதே அங்கதான். செல்போன் டார்ச் அடிச்சுப் பாருங்க, நல்ல தோல்னா வெளிர் நிறமா காய்ஞ்சு இருக்கும், கெட்டுப்போன தோல்னா செவந்து, பிசுபிசுன்னு, சில சமயம் பழுப்பா மெழுகு மாதிரி படிஞ்சிருக்கும். துணியைத் திரி மாதிரி சுருட்டி ஒவ்வொரு சந்துலயும் வச்சு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க, செவந்த தோலைத் தேய்ச்சா உரிஞ்சிடும். அடிப்பக்கம் பேடை விட நீளமா வெளிய நீட்டிகிட்டிருக்கற முடியை முனை மழுங்கின கத்திரியால பேட் மட்டத்துக்கு வெட்டிடுங்க, சந்துக்குள்ள விட்டு வெட்ட வேணாம், அங்க தோல் வலை மாதிரி மெல்லிசு, வெட்டு விழுந்துடும்.

இது தவிர ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டி குளோர்ஹெக்ஸிடின்ங்கற கிருமிநாசினி கலந்த வாஷ் எழுதி வாங்கிக்குங்க. அதைத் தடவின உடனே கழுவிடறாங்க நிறைய பேர், அப்படி பண்ணா பலனே இல்ல, பத்து நிமிஷம் ஊற விட்டு, அந்தப் பத்து நிமிஷமும் நக்க விடாம பேச்சுக் குடுத்துகிட்டு உக்காந்திருந்து, அப்புறம் கழுவி நல்லா காய வைக்கணும். வீட்டுத் தரை துடைக்கற பினாயிலை தண்ணில கலந்து காலை முக்கி எடுக்கறவங்க இருக்காங்க, கோவமா வருது எனக்கு, அது விஷங்க, அவன் நக்கி உள்ள போயிடும். தரை துடைச்சாக்கூட நல்லா காயற வரைக்கும் அவனை அந்த ரூமுக்குள்ள விடாதீங்க. பத்து நாள்ல குறையலைன்னா, இல்ல வருஷா வருஷம் இதேதான்னா, உள்ளுக்குள்ள அலர்ஜி இருக்கான்னு பாக்கணும், சாப்பாடு, தெள்ளுப்பூச்சி எதனால வேணும்னாலும் இருக்கலாம், பாதம் ஒண்டி வைத்தியம் பண்ணா திரும்பத் திரும்ப வரும்.

சத்துவாச்சாரி வாசகி கேட்டது: என் பொண்ணு கனடாவுல டொரோண்டோல இருக்கா, பிரசவத்துக்கு நான் டிசம்பர்ல கிளம்பறேன். அவங்க ஒரு நாய் வளக்கறாங்க, முடி நிறைய இருக்கற சின்ன ஜாதி. மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட்டு, அதனால நாயை நடத்திட்டு வர்றது என் பொறுப்பாத்தான் இருக்கும். போன வருஷம் வீடியோ கால்ல பாத்தேன், ஐஸ்ல நாலு எட்டு வச்சதும் ஒரு காலைத் தூக்கிகிட்டு நின்னுடுச்சு, கத்துது. எனக்கு நம்ம ஊரு நாயத் தவிர ஒண்ணும் தெரியாது, என்ன பண்ணணும்?

நல்லா கேட்டீங்கம்மா, போறதுக்கு முன்னாடியே கேட்டீங்க பாருங்க, அது பெரிய விஷயம். காலைத் தூக்கிகிட்டு நிக்கறதுக்கு மூணு காரணம்தான் பெரும்பாலும். ஒண்ணு விரல் சந்துல ஐஸ் உருண்டை கட்டியிருக்கும், ரெண்டாவது ரோட்டுல போட்ட உப்பு எரியும், மூணாவது நெஜமாவே குளிர் தாங்கல.

முதல்ல உப்பைச் சொல்லிடறேன், ஏன்னா அது நம்ம ஊர்ல இல்லாத ஆபத்து. அங்க ரோட்டுலயும் நடைபாதைலயும் ஐஸ் பிடிக்காம இருக்க உப்பை வாரி இறைப்பாங்க, உப்பு கலந்த தண்ணி சீக்கிரம் உறையாது, அதான் கணக்கு. சாதா கல்லுப்பு மைனஸ் பத்து டிகிரி வாக்குல போனா அவ்வளவா வேலை செய்யாது, அதனால கடும் குளிர் நாள்ல கால்சியம் குளோரைடு மாதிரி உப்புகளைப் போடுவாங்க. அது தண்ணியோட சேர்றப்ப சூட்டைக் கிளப்பும், சுட்ட சுண்ணாம்புக்கல்லுல தண்ணி ஊத்தினா கொதிக்கும்ல, அந்த அளவுக்கு இல்லைன்னாலும் அதே குணம். ஈரமான விரல் சந்துல அது உக்காந்தா தோல் எரியும், பேட் வறண்டு வெடிக்கும், வெடிச்ச எடத்துல மறுநாள் உப்பு பட்டா புண்ணுல உப்பு தடவின கதைதான். அதை விட மோசம், எரியுதேன்னு வீட்டுக்கு வந்து நக்கும், அத்தனை உப்பும் வயித்துக்குள்ள, வாந்தி, தாகம், ரொம்ப போனா உசுருக்கே ஆபத்து.

அதனால கதவுக்குப் பக்கத்துலயே ஒரு அகலமான டப்பால வெதுவெதுப்பா தண்ணி, ஒரு துண்டு, ரெண்டும் தயாரா வச்சுட்டுதான் வெளிய கிளம்பணும். திரும்பி வந்ததும் ஒவ்வொரு பாதமா முக்கி எடுத்து, விரலைப் பிரிச்சு அலசி, வயித்துக்கு அடில இருக்கற முடியையும் துடைச்சு விடுங்க, சின்ன ஜாதின்னா வயிறு தரையோட இருக்கும், உப்பு அங்கயும் ஒட்டும். நாய்க்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி விக்கற உப்பும் அங்க கிடைக்கும், உங்க வீட்டு வாசலுக்கு அதையே வாங்கச் சொல்லுங்க, ஆனா பக்கத்து வீட்டுக்காரர் எதைப் போட்டிருப்பார்னு யாருக்குத் தெரியும், கழுவறதை விட்டுடாதீங்க.

ஐஸ் உருண்டைக்கு வருவோம். முடி நிறைய இருக்கற நாய்னு சொன்னீங்க, அதுக்குத்தான் இது ஜாஸ்தி. விரல் நடு முடில பனி ஒட்டி, உடம்புச் சூட்டுல கொஞ்சம் உருகி, மறுபடி இறுகி, கோலிகுண்டு சைஸுக்கு ஆயிடும். நாலு கோலிகுண்டைச் செருப்புக்குள்ள போட்டு நடந்து பாருங்க, அப்படித்தான் அதுக்கு இருக்கும். நடு ரோட்டுல அது நின்னுட்டா அதட்டாதீங்க, குனிஞ்சு பாதத்தை ரெண்டு கைக்கும் நடுவுல வச்சு உருக்கிடுங்க, பிடுங்கினா முடியோட தோலும் வரும். போன உடனே பொண்ணுகிட்ட சொல்லி பேட் மட்டத்துக்கு முடியை வெட்டச் சொல்லுங்க, பாதிப் பிரச்சனை அதுலயே முடிஞ்சிடும். வெளிய போறதுக்கு முன்னாடி தேன்மெழுகு கலந்த பாத மெழுகு அங்க கடைல கிடைக்கும், அதை மெல்லிசா தேய்ச்சு விடுங்க, பனி ஒட்டாது, உப்பும் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. காந்திநகர் அம்மாவுக்கு எண்ணெய் வேணாம்னு சொல்லிட்டு இவங்களுக்கு மெழுகு சொல்றாரேன்னு நினைக்காதீங்க, அங்க காத்துல ஈரமே இருக்காது, ஹீட்டர் போட்ட வீட்டுக்குள்ள இன்னும் வறட்சி, அந்த ஊரு வியாதி வறட்சி, நம்ம ஊரு வியாதி ஈரம்.

பூட்ஸ் போடலாமான்னு கேப்பீங்க, போடலாம், உப்புக்கு அதை விட நல்ல காவல் இல்ல. முதல் நாளே மாட்டி வெளிய இழுத்துட்டுப் போனா கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வச்சு பயந்துடும், வீட்டுக்குள்ளயே ரெண்டு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு பழக்கி, மாட்டினதும் ஒரு பிஸ்கட் குடுத்து, ஒரு வாரம் ஆனதும் வெளிய இட்டுட்டுப் போங்க.

நாய்ப் பாதம் எப்படி அந்த ஐஸ்லயே உறையாம இருக்குன்னு உங்களுக்கு ஆச்சரியமா இருக்கலாம். ஜப்பான்ல இதை ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. பாதத்துக்கு சூடான ரத்தம் கொண்டு போற குழாயும், அங்கேருந்து குளிர்ந்த ரத்தத்தைத் திருப்பிக் கொண்டு வர்ற குழாயும் ஒண்ணோட ஒண்ணு உரசற மாதிரி பக்கத்து பக்கத்துல ஓடுது, போற ரத்தம் தன் சூட்டை வர்ற ரத்தத்துக்குக் குடுத்துடும், குளிர்ந்த ரத்தம் அப்படியே உடம்புக்குள்ள போயிடாது. கடவுள் குடுத்த ஏற்பாடு. ஆனா அதுக்கும் எல்லை இருக்கு, மைனஸ் 15, 20ன்னு எறங்கற நாள்ல அந்தச் சின்ன நாய்க்கு வாக்கிங்கே வேணாம், ஒண்ணுக்கு ரெண்டுக்கு போனதும் உள்ள வந்துடுங்க. பாதம், காது நுனி, வால் நுனி இந்த மூணுல எது வெளுத்தோ சாம்பல் பூத்தோ, தொட்டா கல்லு மாதிரி ஜில்லுனு இருந்தா அது பனிக்கடி. தேய்க்காதீங்க, ஹேர் டிரையர் வேணாம், அடுப்புகிட்ட காட்டாதீங்க, வெதுவெதுப்பான தண்ணில துணி நனைச்சு மெதுவா சூடேத்தி, டாக்டருக்கு போன் பண்ணுங்க.

இன்னும் ஒண்ணு, இதை மறக்கவே கூடாது. கார் ரேடியேட்டர்ல உறையாம இருக்க ஊத்தற திரவம் இருக்கு, எத்திலீன் கிளைக்கால், கார் நிக்கற எடத்துல பச்சையாவோ ஆரஞ்சாவோ சொட்டியிருக்கும், இனிப்பா இருக்கும், பாதத்துல பட்டு நக்கினாலும் உள்ள போயிடும், கிட்னியைத் தீத்துடும். நக்கிச்சுன்னு சந்தேகம் வந்தாலே நேரம் பாக்காம ஆஸ்பத்திரி, அங்க மணிக்கணக்கு கூட முக்கியம். பாப்பா நல்லபடியா பொறக்கட்டும், நாயும் நல்லா இருக்கட்டும், போயிட்டு வந்து எழுதுங்கம்மா.

ஆம்பூர் வாசகர் கேட்டது: நான் ஷூ கம்பெனில அப்பர், அதான் ஷூவோட மேல்பாகம், தெக்கற வேலைல கீறேன், பதினாலு வருஷம். எங்க நாய் மணிக்கு பின்னங்காலு பேட்ல கண்ணாடி கிழிச்சி தையல் போட்டு இப்ப ஆறிகினு வருது. வெளிய இட்டுகினு போனா பனில நனைஞ்சி மண்ணு பூந்துக்குது. வீட்ல கட்பீஸ் லெதர் நிறைய கீது, நானே ஒரு ஷூ தெச்சி போட்டா இன்னா?

தாராளமா தைங்க தம்பி, உங்க கை இருக்கறப்ப கடைல எதுக்கு வாங்கணும். லெதர் ஒண்டி வேணாம். உங்களுக்கே தெரியும், லெதர் நனைஞ்சு காஞ்சா விறைச்சுக்கும், மணி அதைப் போட்டுகினு பனில நடந்து வந்தா மறுநாள் ஓரமெல்லாம் கத்தி மாதிரி உரசும். அதோட நாய்க்கு லெதர் வாசம்னா கடிச்சுத் தின்னணும், குரோம் போட்டு பதப்படுத்தின தோலு வயித்துக்குள்ள போறது நல்லதில்ல.

அலாஸ்காவுல 1973ல இருந்து இடிடராட்னு ஒரு சறுக்குவண்டிப் போட்டி நடக்குது, நாய்ங்க வண்டி இழுத்துகிட்டு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வாக்குல பனிலயே ஓடும். அந்தப் போட்டில ஒரு நாய்க்கு எட்டு பூட்டீஸ் கட்டாயம் இருக்கணும்னு ரூல், கால்ல மாட்டியிருந்தாலும் சரி, வண்டில இருந்தாலும் சரி, இல்லைன்னா விடமாட்டாங்க. அந்த பூட்டீஸ் எதுல தைக்கறாங்கன்னா பெரும்பாலும் தோள்பை தைக்கற கெட்டி நைலான் துணி, ஒரு பை மாதிரி, மேல ஒரு வெல்க்ரோ பட்டை, அவ்வளவுதான். உலகத்துலயே பாதத்துக்கு அதிகமா வேலை குடுக்கற நாய்ங்களுக்கே அதான் போதுமானதா இருக்கு.

பேட்டர்ன் எடுக்கறது இப்படி. மணியை நிக்க வச்சு காகிதத்துல அந்தப் பின்னங்காலை வைங்க, இன்னொரு பின்னங்காலை ஒரு நொடி தூக்கிப் பிடிங்க, உடம்பு வெயிட்டு பூரா இந்தக் கால்ல எறங்கும், அப்ப பாதம் விரியும், அந்த விரிஞ்ச அளவைச் சுத்தி பென்சில்ல கோடு போடுங்க. தூக்கி வச்சிருக்கற பாதத்தை அளந்து தெச்சா நடக்கறப்ப விரலை நெருக்கிடும். முன்னங்கால் அளவை பின்னங்காலுக்கு எடுக்காதீங்க, முன்னங்கால் பெருசு. மனுசன் ஷூ மாதிரி முன்னாடி நீட்டி, பின்னாடி ஹீல் வச்செல்லாம் தெக்க வேணாம், உருண்டையா ஒரு பை, அடில ஒண்டி மெல்லிசா ரப்பர் ஷீட்டு. தையல் மடிப்பு வெளிப்பக்கம் வரணும், உள்பக்கம் நூல் முடிச்சு ஒண்ணு இருந்தாக்கூட ஆறின புண்ணு திறந்துடும். நீங்க ஓரத்தை ஸ்கைவிங் பண்ணி, அதாவது மெல்லிசா சீவி, மடிக்கற அதே அக்கறை இதுலயும் வேணும்.

வெல்க்ரோவை பாதத்துக்கு மேல ஒல்லியா இருக்கற எடத்துல கட்டுங்க, காலுக்கு உள்பக்கம் தனியா ஒட்டிகிட்டிருக்கற நகம் இருந்தா அது மேல அழுத்தாம பாத்துக்குங்க. உங்க சுண்டுவிரல் உள்ள போற அளவு தளர்வு வேணும். வெளிய போறப்ப மாட்டி வந்ததும் கழட்டிடுங்க, ராத்திரி பூரா மாட்டி வச்சா வேர்த்து அழுகிடும். கழட்டினதும் விரலைப் பாருங்க, வீங்கியிருந்தா, ரெண்டு விரல் விலகி நின்னா, பட்டை இறுக்கம்னு அர்த்தம். பிளாஸ்டிக் கவரை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டறது மட்டும் வேண்டவே வேணாம், ரப்பர் பேண்டை மறந்துட்டு, ரத்த ஓட்டம் நின்னு, பாதத்தையே எடுக்க வேண்டியதாப் போன நாயை என் டேபிள் மேல பாத்திருக்கேன்.

குடியாத்தம் வாசகர் கேட்டது: வெளக்கெண்ணெய், வாசலின், நமக்கு போடற வெடிப்பு கிரீம், இதுல எது நாய் காலுக்கு நல்லது?

பேட் வறண்டு சொரசொரன்னு நெஜமாவே வெடிச்சிருந்தா ஒத்த சொட்டு தேங்கா எண்ணெய் போதும், வாரத்துக்கு ரெண்டு நாள், பேட் மேல ஒண்டி, சந்துல வேணாம். தினம் தடவி வழவழன்னு ஆக்கிட்டா பேட் மிருதுவாகி கல்லு குத்தினதும் கிழியும், பேட் கெட்டியா இருக்கறதுதான் அதுக்குச் செருப்பு. வெளக்கெண்ணெய் நக்கினா பேதியாகும். மனுசங்க கிரீம் எதுவும் வேணாம், சிலதுல துத்தநாகம் இருக்கும், சிலதுல வலி மருந்து இருக்கும், வலிக்குத் தடவற ஜெல் இருக்கே, அதுல டைக்ளோஃபினாக், நாய் நக்கினா குடல்ல புண்ணாகி ரத்தமா போகும். நொண்டுதேன்னு நம்ம வீட்டு வலி மாத்திரையும் குடுக்காதீங்க, இபுப்ரோஃபென் நாய்க்கு விஷம்.

ஆற்காடு வாசகர் கேட்டது: பாலாத்தங்கரை பக்கம்தான் நடத்திட்டுப் போவேன். நெருஞ்சி முள்ளு குத்துது, எடுத்துடறேன். விரல் சந்துல உண்ணியும் ஏறுது, மண்ணெண்ணெய் வச்சா விழுந்துடும்னு சொல்றாங்க, வைக்கலாமா?

வைக்காதீங்க. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், நக்கி நுரையீரலுக்குப் போனா நிமோனியா. தீக்குச்சியால சுடறதும் அப்படித்தான். சின்ன இடுக்கி எடுத்து, தோலோட ஒட்டி உண்ணியோட வாயைப் பிடிச்சு, திருகாம நேரா, மெதுவா இழுத்தா வந்துடும், கையால நசுக்காம சோப்புத் தண்ணில போட்டுடுங்க. உண்ணிக்கு விரல் சந்தும் காது மடிப்பும்னா உசுரு, அங்க ஒண்ணு இருந்தா உடம்புல இன்னும் இருக்குன்னு வச்சுக்குங்க, டாக்டர்கிட்ட உண்ணி மருந்து கேட்டு வாங்குங்க, உண்ணிக் காய்ச்சல்ல போற நாய்ங்க நம்ம பக்கம் கொஞ்சநஞ்சமில்ல. அதோட மழைத்தண்ணி தேங்கின குட்டைல எறங்க விடாதீங்க, எலி மூத்திரம் கலந்த தண்ணில எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், பாதத்துல சின்ன கீறல் இருந்தா போதும், உள்ள ஏறிடும். வருஷா வருஷம் போடற தடுப்பூசில அதுக்கும் சேத்து இருக்கான்னு கேட்டுப் போடுங்க.

முள்ளைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். நெருஞ்சி குத்தினா நாய் உடனே நொண்டும், நமக்குத் தெரிஞ்சிடும். ஊசிப்புல்லு அப்படியில்ல. மழைக்கு வளந்த புல்லு தை மாசத்துல காஞ்சு, அதோட விதை அம்பு மாதிரி ஒரு பக்கமா ஒண்டி போற மாதிரி இருக்கும், விரல் சந்துல குத்தினா நடக்க நடக்க உள்ளதான் போகும், திரும்பி வராது. எங்க வீட்ல கருப்பின்னு ஒண்ணு இருந்தா, நாட்டு நாய்தான். ஒரு தை மாசம் முன்னங்காலை நக்கிகிட்டே இருந்தா, ஊரு நாய்க்கெல்லாம் காலைத் தூக்கிப் பாக்கறவன் எங்க வீட்டு நாய்க்கு அஞ்சு நாள் பாக்கல, வேலை அப்படின்னு இருந்துட்டேன். ஆறாவது நாள் விரல் நடுவுல நாவப்பழம் சைஸுக்கு வீங்கி ஒடைஞ்சு சீழ் வந்துச்சு. மயக்க ஊசி போட்டுத் திறந்தப்ப விதை மணிக்கட்டு வரைக்கும் ஏறிப்போயிருந்துச்சு, ரெண்டு தடவை ஆபரேஷன், நாப்பது நாள் கட்டு. முதல் நாளே ஒரு நிமிஷம் விரலைப் பிரிச்சுப் பாத்திருந்தா நகத்தாலயே எடுத்திருக்கலாம். அவ செத்து வருஷமாச்சு, இன்னும் மனசு ஆறல எனக்கு.

வாணியம்பாடி வாசகர் கேட்டது: போகிக்கு மறுநாள் எங்க டாமி கால்ல கொப்புளம் வந்துச்சு. ஏன்?

தெருவுல கொளுத்தின குப்பைதான், மேல சாம்பல் பூத்து ஆறின மாதிரி தெரியும், அடில கங்கு அப்படியே கனிஞ்சிகிட்டிருக்கும், டயர் கொளுத்தியிருந்தா அதுல இருக்கற கம்பியும் குத்தும். தீபாவளிக்கு எறிஞ்ச மத்தாப்புக் கம்பியும் ரெண்டு வாரம் வரைக்கும் தெருவுல கிடக்கும். சுட்டதுன்னு தெரிஞ்சா உடனே பைப் தண்ணில பத்து நிமிஷம் காட்டுங்க, ஐஸ் வேணாம், பேஸ்ட் வேணாம், கொப்புளத்தை உடைக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க. இந்த வருஷம் போகி அன்னிக்கும் மறுநாள் காலைலயும் மொட்டை மாடிலயே நடத்துங்க. அப்புறம் குளிர்காலம்தானேன்னு மத்தியானம் ரெண்டு மணிக்கு தார் ரோட்டுல இட்டுட்டுப் போகாதீங்க, புறங்கையை ரோட்டுல ஏழு நொடி வச்சுப் பாருங்க, உங்களால முடியலைன்னா அதாலயும் முடியாது.

ஏலகிரி வாசகர் கேட்டது: எங்க தோட்டத்துல காவலுக்கு ஒரு சிப்பிப்பாறை வச்சிருக்கோம், ராத்திரி வெளியதான் கட்டியிருப்போம். காலைல எழுந்ததும் கொஞ்ச நேரம் விறைச்ச மாதிரி நடக்குது.

ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கற ஊருங்க உங்களுது, கீழ திருப்பத்தூர்ல இருக்கற குளிரோட ஒப்பிடவே கூடாது. சிப்பிப்பாறை வறண்ட தென்மாவட்டத்து நாய், உடம்புல கொழுப்பும் இல்ல, அடர்த்தியா முடியும் இல்ல, சிமெண்டுத் தரைல ராத்திரி பூரா படுத்தா குளிர் பாதத்துல இருந்தே ஏறும். ஒரு பலகையை நாலு செங்கல் மேல தூக்கி வச்சு, அது மேல காஞ்ச வைக்கோல் போட்ட சாக்கு, மேல ஒரு கூரை, காத்து வர்ற பக்கம் அடைப்பு. சாக்கைத் தினம் வெயில்ல காய வைங்க, நனைஞ்ச சாக்கு வெறும் தரையை விட மோசம். சங்கிலியை அவுத்து விட்டா அது நடந்து ஓடி தானே சூடேத்திக்கும், வேலி நல்லா இருந்தா கட்டவே கட்டாதீங்க. அப்படியும் பத்து நாள்ல விறைப்பு போகலைன்னா மூட்டு வலியான்னு பாக்கணும்.

பாகாயம் காலேஜ் மாணவி கேட்டது: எங்க ஹாஸ்டல் வாசல் டீக்கடைல ஒரு தெருநாய் இருக்கு, எல்லாரும் பன்னு போடுவோம். ஒரு வாரமா மூணு கால்லதான் நடக்குது, பாதத்துல ஏதோ வெட்டு. கிட்ட போனா உறுமுது. நாங்க எப்படி உதவறது?

வலில இருக்கற நாய் உறுமத்தான் செய்யும், அதைத் தப்பா நினைக்காதீங்க, அதே சமயம் நீங்களா பிடிக்கப் போகவும் வேணாம். தினம் சோறு போடற டீக்கடைக்காரர்கிட்ட அது காலைக் காட்டுதான்னு கேளுங்க, பெரும்பாலும் அவருக்குக் காட்டும். அவர் பக்கத்துல உக்காந்து தடவிக் குடுக்கறப்ப தூரத்துல இருந்து போன் கேமராவுல ஜூம் பண்ணி பாதத்தைப் போட்டோ எடுங்க. அந்தப் போட்டோவை எடுத்துட்டு அரசு கால்நடை மருத்துவமனைக்கு காலைல போங்க, காயத்தைப் பாத்தாலே மாத்திரைல ஆறுமா, தையல் வேணுமான்னு ஓரளவுக்குச் சொல்லிடுவாங்க. மாத்திரைன்னா பன்னுக்குள்ள வச்சே குடுத்துடலாம், ஒருத்தர் ஒண்டி பொறுப்பெடுத்து வேளை தவறாம குடுங்க, ஆளாளுக்குக் குடுத்தா ஒரு நாள் ரெண்டு விழும், ஒரு நாள் விழாது. தையல்னா தெருநாய் பிடிச்சுப் பழக்கம் இருக்கறவங்களை வச்சு வலையோட இட்டுட்டுப் போகணும். உங்கள்ல யாரையாவது கடிச்சாலோ, நகம் பட்டு கீறினாலோ, ஓடற தண்ணில சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே போய் ஊசி போட்டுக்குங்க, சின்னக் கீறல்தானேன்னு விடாதீங்க. அது வரைக்கும் டீக்கடைக்காரரைக் கேட்டு, பெஞ்சுக்கு அடில, அடுப்புச் சூடு லேசா வர்ற பக்கமா ஒரு காஞ்ச சாக்கு போட்டு வைங்க, பாத்திரம் கழுவின தண்ணி அந்தப் பக்கம் ஓடி வராம பாத்துக்கச் சொல்லுங்க.